சின்னாளப்பட்டியில் கேட்ட கன்னடம்

இலக்கணம் மனிதனோடு கூடப் பிறப்பது, எல்லா மொழிக்கும் அடி ஒன்றுதான் என்று மதுரைக் கருத்தரங்கில் தொண்டை வறள வாதாடிவிட்டுத் திரும்புகிறேன். கேட்டுக் கேட்டு வருவதுதான் மொழி என்று அங்கே வந்திருந்த நண்பர் ஒருவர் கடைசிவரை மறுத்தார்.

சின்னாளப்பட்டியில் பஸ் பழுதாகி நிற்கிறது. இறங்கி நடக்கிறேன். நெசவுக் குடும்பமொன்று தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறது. அவர்கள் பேசுவது என் அம்மாவின் கன்னடம். அவள் போனபின் என் காதில் விழாதது. கிட்டே போகிறேன். வெளியாள் வந்தால் தமிழுக்கு மாறுவது இவர்கள் மரியாதை, மாறிவிடுகிறார்கள்.

“செத்த ஒதுங்கி வாங்க சார், நூலு மேல பட்டுறாம. சேலை பாக்க வந்தீங்களா?” என்கிறார் ஒரு பெண்.

கன்னடத்தில் பதில் சொல்ல வாயெடுக்கிறேன். ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

“இல்லம்மா. நீங்க பேசிக்கிட்டிருங்க.”

பேசுகிறார்கள், தமிழிலேயே.