டஸ்ட் குறைந்த பேடும் இடது முன்சக்கரமும்

தக்கலையில் ஒரு கார் வொர்க்‌ஷாப்பில் பல வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வண்டிக்காரர் சொல்கிற குறையைக் கேட்டு மெக்கானிக்கிடம் சொல்வதும், மெக்கானிக் கண்டுபிடித்ததை வண்டிக்காரருக்குப் புரியவைப்பதும்தான் வேலை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அக்கா, பழைய வண்டிக்கு எந்த பிரேக் பேடு போடலாம்?" என்று இப்போதும் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கறுத்த வீல்

பொன்னையா சார் மணவாளக்குறிச்சிக்காரர். வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய செடான் கார் பழையது, ஆனால் பளபளவென்று வைத்திருப்பார். துபாயில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது அதற்கு அலாய் வீல் போட்டுக் கொடுத்திருந்தான்.

அன்று வண்டியை விட்டு இறங்கியதுமே முன்சக்கரத்தைக் காட்டினார்.

"இதப் பாரு மோளே. இன்னைக்குக் காலத்த கழுவுனேன். நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு வந்தேன், மறுபடியும் கரிய அள்ளி அப்புன மாதிரி நிக்குது. வார சனிக்கிழம எனக்க மோளுக்க கல்யாணம். பொண்ண இந்த வண்டியிலதான் சர்ச்சுக்குக் கொண்டு போவணும். டஸ்ட் வராத பேடுன்னு ஒண்ணு உண்டாமே?"

"டஸ்ட் வராத பேடு கெடையாது சார். கொறச்சு வாறது உண்டு" என்றேன்.

அவர் வண்டியில் இருந்தது செமி மெட்டாலிக் பேடு. அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும். நன்றாகப் பிடிக்கும், சூட்டையும் தாங்கும். ஆனால் தேயும்போது கறுப்புப் பொடியைக் கொட்டும், அது வீலில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. ஆர்கானிக் பேடு மெத்தென்று பிடிக்கும், சத்தம் போடாது, சீக்கிரம் தேய்ந்துவிடும். செராமிக் பேடு விலை கூடுதல். டஸ்ட் குறைவு, வருகிற டஸ்ட்டும் வெளிறிய நிறமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஊருக்குள் ஓட்டுகிற பழைய காருக்கு, பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் நல்ல கனத்தில் இருந்தால், நல்ல கம்பெனி செராமிக் பேடு பொருத்தமானதுதான். பெட்டியில் செராமிக் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி மலிவாக வாங்கக் கூடாது. இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். செராமிக்கே போடச் சொன்னார்.

அப்போதுதான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வலது முன்சக்கரத்தில் இருந்த டஸ்ட் வழக்கமானது. இடதில் அதைப்போல மூன்று மடங்கு. பேடு மோசம் என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றுபோலக் கறுக்க வேண்டும்.

2. லிஃப்டில்

மூத்த மெக்கானிக் சூசை அண்ணன் வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தி வீலைக் கழற்றினார். டிஸ்க் சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. பேடு ஏறக்குறைய இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்திருந்தது.

"பிஸ்டன் பிடிச்சு நிக்குது மக்கா" என்றார். "அத மூடுன ரப்பர் ஒற கீறியிருக்கு. கடல்காத்து உள்ள போயி துரு ஏறிருக்கு. பிரேக்குல இருந்து கால எடுத்தாலும் பேடு டிஸ்க்க விடாது."

பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடினால் சூடு ஏறும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பிஸ்டன் இருக்கும் காலிப்பரையே மாற்ற வேண்டும். பழைய மாடல் என்பதால் பொருள் மதுரையிலிருந்து வர வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் வராது.

நான் சாரைக் கூட்டிவந்து கழற்றிய பேடைக் கையில் கொடுத்தேன். பிஸ்டனையும் காட்டினேன். "இத மாத்தாம வண்டி எடுக்கப்பிடாது சார். கல்யாணத்துக்கு வேற வண்டி ஏற்பாடு பண்ணுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நேராக முதலாளி அறைக்குப் போனார். சற்று நேரத்தில் முதலாளி வெளியே வந்தார்.

"ஸ்டெல்லா, கல்யாண வண்டிய லிஃப்டுல கெட்டி வச்சா நாளைக்கு இந்த ஊருல எவன் நம்மகிட்ட வருவான்? பிஸ்டன உள்ள தள்ளி, புதுப் பேட போட்டு விடு. காலிப்பர் வந்த பொறவு மாத்திக்கிடலாம்."

"அண்ணாச்சி, அது பிரேக்காக்கும்."

"எனக்குத் தெரியும். சூச, போடு."

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பிஸ்டனைத் தள்ளும் கருவியை எடுத்தார். முக்கி முனகி அது உள்ளே போனது. புதுப் பேடு உட்கார்ந்தது. சாவியை வாங்கும்போது சார் என்னிடம், "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் கொண்டு வாறேன் மோளே" என்றார்.

3. சுத்தமான வீல்

கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்கடுத்த வாரம் காலிப்பர் வந்து ஸ்டோரில் உட்கார்ந்தது. சாருக்குப் போன் செய்தேன். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்றார். பிறகும் செய்தேன்.

"எதுக்கு மோளே? வீலு கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பொட்டு டஸ்ட்டு இல்ல. நீ பேடு நல்லதாட்டு தந்துட்டியே, பொறவு காலிப்பர் என்னத்துக்கு?"

"சார், டஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. ஆனா பிஸ்டன் அங்க பிடிச்சுத்தான் நிக்குது. ஓட்டிட்டு வந்த ஒடனே வீலுக்க பக்கத்துல கை வச்சுச் சூடு பாருங்க."

"பொருள விக்கணும்னா நேராச் சொல்லு" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

முன்பு கறுத்த வீலாவது அவரை வொர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டுவந்தது. புதுப் பேடு அதையும் மறைத்துவிட்டது. நான் முதலாளியிடம் சொன்னேன். "சொல்லியாச்சுல்லா? இனி அது அவருக்க பாடு" என்றார்.

4. குலசேகரம்

புது மருமகன் பேச்சிப்பாறையைப் பார்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் போனார். திரும்பும் வழியில், குலசேகரம் சந்தையை நெருங்கும்போது பெடலை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போனது. ரோட்டோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த மேரியம்மாவின் மேல் வண்டி ஏறி நின்றது. அவர் குளச்சலில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து விற்கிறவர். இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பெடலை மிதித்தார். அதற்குள் ஆயில் ஆறியிருந்தது, பெடல் உள்ளே போகாமல் நின்றது. பிரேக் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் தப்பு ஓட்டியவர் மேல்தான்.

பொன்னையா சார் உறவுக்கார வக்கீலோடு முதலாளி அறைக்கு வந்தார். என்னையும் சூசை அண்ணனையும் கூப்பிட்டார்கள்.

"டஸ்ட் வராத பேடுக்குப் பிடித்தம் கெடையாதுன்னு இப்பதான் தெரியுது" என்றார் வக்கீல். "அத செலக்ட் பண்ணிக் குடுத்தது ஆரு?"

"இவளாக்கும்" என்றார் முதலாளி.

நான் காலிப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். யாரும் அசையவில்லை. கழற்றினால், அந்த நிலையில் வண்டியை வெளியே விட்டது வொர்க்‌ஷாப் என்று ஆகும். சொல்லியும் ஓட்டியது சார் என்று ஆகும். பேடு என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

"சூசண்ணே, நீங்க சொல்லுங்க. பிஸ்டன் எப்படி இருந்துது?"

அவர் தரையைப் பார்த்தார். "நெறய வண்டி பாக்குதோம் மோளே. எனக்கு ஓர்ம இல்ல."

அவர் வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. அந்த வயதில் வேறு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். அது தெரிந்தும் எனக்கு அவர்மேல்தான் அதிகம் கோபம் வந்தது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

படியிறங்கும்போது சார் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னது எல்லாம் எனக்கு நல்ல ஓர்ம உண்டு. ஆனா கேஸ் மருமவன் தலையில விழுந்தா எனக்க மோளுக்க வாழ்க்க என்ன ஆவும்? நீயும் ஒருத்திக்க மோளுதானே, யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். என்னை யோசிக்கச் சொன்னவர், எனக்கு வேலை போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளியும் சாரும் சேர்ந்து மேரியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டு சமாதானம் பேசினார்கள். தவறான பேடைத் தேர்ந்தெடுத்த ஊழியரை நீக்கிவிட்டோம் என்பதும் அந்தச் சமாதானத்தில் ஒரு பகுதி.

மேரியம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேடு, காலிப்பர் என்று நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ பிரேக் பிடிக்காதுன்னு எல்லாவனுக்கும் தெரியும்" என்றார். "எனக்கு மட்டும் தெரியாது."



5. அஞ்சுகிராமம்

வண்டி ராசியில்லை என்று சார் அதை விற்றுவிட்டார். இதைச் சொன்னது சூசை அண்ணன்தான். எனக்கு வேலை போன பிறகு அவர் என்னிடம் போனில் பேசியது அந்த ஒரு தடவை. "காலிப்பர் மாத்தல மோளே. அஞ்சுகிராமத்துல ஒரு காய்கறி வியாபாரி வாங்கிருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

விசாரித்துக்கொண்டு போனேன். அந்த வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்தக் கடயிலேருந்து வாறிய?"

"எந்தக் கடையும் இல்ல. வேல போன ஆளு. ஜங்ஷன் வரைக்கும் ஒரு வட்டம் போயிட்டு வாங்க. பொறவு ரெண்டு முன்வீல்லயும் வெள்ளம் தெளிச்சுப் பாருங்க."

நம்பாமல்தான் போனார். திரும்பி வந்ததும் அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வலதில் தெளித்தது அப்படியே வழிந்தது. இடதில் சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. பின் சீட்டில் இருந்த அவர்களுடைய குழந்தையை அந்தப் பெண் தூக்கி இறக்கினார். மறுநாளே காலிப்பரை மாற்றிவிட்டதாக வியாபாரி போன் செய்தார். நன்றி சொன்னார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் தெரிகிற விஷயம் இது. மேரியம்மாவின் கால் போவதற்கு முன்னால் அதை எவரும் செய்து பார்க்கவில்லை.

இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறேன். டஸ்ட் குறைந்த பேடு கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எந்த வீல் அதிகம் கறுக்கிறது என்று முதலில் கேட்பேன். சிலர் எரிச்சலோடு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பிள்ளைகளே, இரண்டு பக்கமும் ஒன்றுபோல டஸ்ட் இருந்தால் பேடைப் பற்றிப் பேசுங்கள். டிஸ்க்கின் கனத்தைப் பார்த்து நல்ல செராமிக் போட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தால் காலிப்பரைப் பாருங்கள். அது பிடித்து நின்றால் கழற்றிய வீலைத் திரும்ப மாட்டாதீர்கள். முதலாளி சொன்னாலும், வாசலில் கல்யாணமே காத்திருந்தாலும் மாட்டாதீர்கள். வீலை மாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால், அதுவரை நீங்கள் சொன்ன எதுவும் யாருக்கும் ஓர்மை இருக்காது.