மகாராணிக்குப் புளி போட்ட வெள்ளிக்கிழமை

ஆம்பூரில் தோல் ஃபினிஷிங் பார்ப்பவன் பழைய ரோமாபுரிக் காசு சேர்க்கிறான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஃபாக்டரியில் எனக்கு மகாராணி சார் என்றே பெயர். சக்கரவர்த்திகளின் காசை நான் வாங்குவதில்லை. தாடியும் தலைமாலையுமாக எல்லாருக்கும் ஒரே முகம், அலுப்பு. அவர்களுடைய மனைவி, மகள், பிள்ளைகள் இருக்கும் காசுதான் எனக்கு வேண்டும். லென்ஸ் வைத்துக் கொண்டையைப் பார்த்தால் நம் பெரியம்மா யாரோ கல்யாணத்துக்குக் கிளம்பியது போல இருக்கும்.

கம்பெனி வேலையாக ஜெர்மனி போனபோது ஒரு பெரிய பித்தளைக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் அரசியின் முகம். மறுபக்கம் அவளே நிற்கிறாள். இரண்டு கையிலும் கைக்குழந்தைகள், காலடியில் இன்னும் இரண்டு. காலங்காலமாக மண்ணில் கிடந்து கரும்பச்சை ஏறியிருந்தது. சேர்ப்பவர்களுக்கு அந்தப் பச்சைதான் உயிர்.

அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். அரசி என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. இத்தனை பிள்ளைகளோடு நிற்பவள் அம்மனாகத்தான் இருக்க வேண்டும் என்றாள்.

எங்களுக்குப் பெண் பிறந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்து, தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதன்பிறகு வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. அவள் பேசுவதும் நின்றுபோனது. வந்த சொந்தக்காரர்கள் அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், சாமி அலமாரியில் விளக்கு எரிகிறது. பக்கத்தில் என் காசு. குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். பச்சை மொத்தமும் போய்ப் பளபளவென்று இருந்தது. காசின் மதிப்பே போய்விட்டது. ஆனால் அவள் விளக்கு ஏற்றியிருக்கிறாளே. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதுங்க நாலும் நல்லா வளந்துதுங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. சாமி இல்லை, மனுஷிதான் என்றேன். நிறையப் பெற்றவள், பாதிக்கு மேல் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள் என்றும் சொன்னேன். அவள் காசைக் கையில் எடுத்து, குழந்தைகள் இருக்கும் இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"செத்ததுங்களுக்கும் பேர் வெச்சிருப்பாங்க இல்ல?"

வைத்திருந்தார்கள். சில பெயர்கள் எனக்கே தெரியும். ஆமாம் என்றேன்.

"நம்ம பொண்ண மட்டும் பேர் வெக்காமயே அனுப்பிட்டோம்ங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

எங்கள் பக்கம் பெயரை முதலில் குழந்தையின் காதில்தான் சொல்வார்கள். அன்று அவள் அதை என் காதில் சொன்னாள்.