கிணற்றுக்கு மேலே ஒரு மண்கரை

எண்பதுகளின் நடுவில் நெடுஞ்சாலைத் துறை ஓவர்சீயராக ஏரியூர்ப் பக்கம் வேலை பார்த்தேன். ஓர் ஓடைப் பாலத்துக்காக ரோட்டை மூன்று ஆள் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்தியிருந்தோம். கரையின் அடியில் ஒரு சிற்றூர். அந்த ஊரின் ஒரே குடிதண்ணீர்க் கிணறும் அங்கேதான். கோடை மழையில் கரை அரித்து, கிணறு பாதி தூர்ந்துபோனது. ஊரே இறங்கி நான்கு நாள் தூர் வாரியது. நான் மேலே நின்று அரிப்பின் ஆழத்தை டேப் பிடித்து அளந்தேன். விதிப்படி அதுதான் என் வேலை.

ஆனி மாதம் சரிவில் புல் பதிக்க உத்தரவு வந்தது. ஏரிப்புறத்துப் புல்லை மண்ணோடு பத்தை பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்து, மூங்கில் முளை அடித்தோம். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் வண்டிக்கு மதிப்பீட்டில் இடமில்லை. அனுமதி கேட்டு எழுதினேன், விளக்கம் கேட்டார்கள். விளக்கம் எழுதினேன், படிவம் மாறிவிட்டது என்றார்கள்.

ஆனாலும் புல் காயவில்லை. மேலதிகாரி ஜீப்பை நிறுத்தி வியந்தார். சரிவின் சாய்மானத்தைச் சரியாகக் கடைப்பிடித்ததே காரணம் என்று இரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

ஒருநாள் விடிந்ததுமே போனேன். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது? எறங்கு! புல்லை மிதிச்சா கேஸ் ஆயிடும்."

"ஊத்திட்டு எறங்கறனுங்க" என்றார் அவர், நிதானமாகக் குடத்தைச் சாய்த்தபடி. "கேஸு போடறதுன்னா முப்பது வூட்டு மேலயும் போடுங்க. மொற வெச்சுத்தான் ஊத்தறோம். இந்தப் புல்லு காஞ்சா எங்க கெணறு மறுபடி மூடிக்குமுங்களே."

துணி அலசிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எதையும் கொட்டாமல் கிணற்றடியில் சேர்த்து, தினமும் மேலே சுமந்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்கீங்க சார் கீழ எறங்கனீங்க? மேலயே நின்னு எழுதிட்டுப் போயிடறீங்க."

கிணற்றடியில் சிரிப்பு. "சாருக்கும் ஒரு கொடம் குடுக்கா!" என்றாள் ஒருத்தி.

வாங்கினேன். இரண்டாவது குடத்தில் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே பாதிச் சரிவு சறுக்கி வந்து சேர்ந்தேன்.

"சார், பாத்து! புல்லு பேந்துடப் போவுது!"

அறிக்கையைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை, எந்தக் கோப்பிலாவது என் கையெழுத்தோடு அந்தப் பொய் இன்னும் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை முறை எனக்கு என்று அந்தப் பெண் முடிவு செய்துவிட்டார். வெள்ளிதோறும் போய்ச் சுமந்தேன்.

தண்ணீர் வண்டிக்கு அனுமதி வந்தது, புரட்டாசி மழையோடு. அந்த மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் டேப்பை எடுக்காமல் நேராகக் கிணற்றுக்கு ஓடினேன். எனக்கு முன்பே பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை அப்படியே நின்றது. எனக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கிய பெண் ஒரு வாளி இறைத்து என்னிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க சார், மண்ணு கடிக்குதான்னு."

கடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் எனக்கு மாலை போட்டு என் சாதனைகளை நெடுநேரம் வாசித்தார்கள். ஒரு சின்ன ஊர் தன் கிணற்றைக் காக்க ஏற்படுத்திக்கொண்ட முறையில் எனக்கும் ஒரு கிழமை ஒதுக்கியதைவிடப் பெரிய மரியாதை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.