பத்திரம் யார் பேரில்? உடுமலைப்பேட்டையில் வீடு பார்க்கப் போன கதை

உடுமலைப்பேட்டையில் பழைய வீடு வாங்குவதைப் பற்றிக் கேட்டு இந்த மாதம் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் துபாயில் இருக்கிறார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு, தேக்குத் தூண், நடுவில் வானம் தெரியும் தொட்டிக்கட்டு. புகைப்படத்தில் பார்த்து மயங்கிவிட்டார். வாங்குவதற்கு முன் என்னவெல்லாம் சோதிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன். நான் போனது தொண்ணூற்றெட்டாம் வருடம், மே மாதம். பேருந்துக் கட்டணமும் வீட்டு விலையும் ஏறியிருக்கும். மற்றது மாறியிருக்காது என்று நினைக்கிறேன். மாறியிருந்தால் யாராவது எழுதுங்கள்.

வீடு எனக்கில்லை. என் அக்கா ஸ்டெல்லாவுக்கு. உடுமலையில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவருக்கு ஈரோட்டில் ரயில்வே வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அக்காவும் சின்னப் பெண்ணும் அதுவரை நான்கு வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரின் மகன் எங்கிருந்தோ குடும்பத்தோடு திரும்பி வருவான், வீடு வேண்டும் என்பார்கள். காலி செய்த பிறகு எந்த மகனும் வந்ததாகத் தகவல் இல்லை. அக்காவுக்கு அலுத்துவிட்டது. சொசைட்டியில் வீட்டுக் கடன் போட்டாள். பாஸானது. ஜூலைக்குள் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடன் ரத்து, மறுபடி வரிசையின் கடைசி.

நான் கோவையில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். விடுதியில் பக்கத்து அறையில் இருந்த மணிவேல் கட்டட என்ஜினியர் ஆகியிருந்தான். காங்கேயம் பக்கத்து நிலக்காரக் குடும்பம். பழைய வீடென்றால் சும்மா பார்த்துவிட்டு வரக்கூடாது, அளக்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனே கிளம்பினான்.

உக்கடத்தில் ஆறரை மணி பேருந்து. உடுமலை எழுபது கிலோமீட்டர் சொச்சம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வழி. இரண்டே கால் மணி நேரம். பொள்ளாச்சியில் பத்து நிமிடம் நிற்கும், இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் வலப்பக்கம் உட்காருங்கள். பொள்ளாச்சி வரை வெயில் இடப்பக்கம்தான். பொள்ளாச்சிக்கு அப்பால் தென்னை. தென்னைக்கு மேலே காற்றாலைகள், அப்போதுதான் நட ஆரம்பித்திருந்தார்கள். மடியில் டேப்பும் தூக்குக்குண்டும் டார்ச்சும் இருந்த பையோடு நான் தூங்கிப்போனேன்.

அக்கா பேருந்து நிலையத்தில் நின்றாள். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை. பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் கட்டுவது.

வீடு அங்கிருந்து நடக்கும் தூரம். முன்னால் பூட்டிய கடை, பின்னால் வீடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு சுவர் ஒன்றுதான். கடைசியில் பின்கட்டு அறை ஒன்று. அதில் நூல்மில்லில் வேலை செய்யும் ஒரு புருஷன் பெண்சாதி வாடகைக்கு இருந்தார்கள். கைக்குழந்தை தொட்டிலில். வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. ஒரு டீச்சரும் தம்பியும் வாங்க வருகிறார்கள் என்று மட்டும் அங்கே மொபெட்டோடு நின்ற புரோக்கர் அவரிடம் சொல்லியிருந்தார்.

இனி அளந்த கதை. இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மணிவேல் முதலில் பத்திரத்தின் நகலைத் தரையில் விரித்தான். ஐந்து செண்ட் என்று எழுதியிருந்தது. டேப்பில் நாலே முக்கால்தான் வந்தது. தெருப்பக்கம் எப்போதோ சாக்கடைக்குப் போயிருக்கிறது. ஆகவே காகிதத்தை நம்பி விலை பேசாதீர்கள். பிறகு மேலே. கூரைச் சட்டங்களின் நுனியில் கத்தியைக் குத்தினான். நல்ல மரம் கத்தியைத் தள்ளும். இரண்டு சட்டம் கத்தியை உள்ளே வாங்கிக்கொண்டன. கரையான். ஓடு கடைசியாக எப்போது மாற்றி வேய்ந்தது என்று கேளுங்கள், சுவரில் மழைநீர் இறங்கிய தடத்தோடு பதிலை ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு சுவர் பொது என்றால் அது பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கடைசியாகத் தூக்குக்குண்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க. பின்கட்டுச் சுவரில் மணிவேல் விட்டான். மறுபடி விட்டான். சுவர் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தது. பக்கச்சுவரோடு சேரும் மூலையில் விரல் போகும் அளவுக்கு விரிசல், அதன்மேல் புதுச் சுண்ணாம்பு.

இவ்வளவு நேரமும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். தலையெல்லாம் ஒட்டடை.

வீட்டுக்காரருக்கு மணிவேலை ரொம்பவும் பிடித்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். அப்பா பேர் கேட்டார். பிறகு குலதெய்வக் கோயில் எங்கே என்று கேட்டார். கொங்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், நீங்கள் யார், யாருக்கு அண்ணன் தம்பி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பது முழுக்கத் தெரிந்துவிடும். மணிவேல் சொன்னான். அவர் தொடையில் தட்டினார்.

"அட, அப்ப நம்ம பங்காளியில்லீங்களா. மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

எங்கள் மூன்று பேரில் அந்தக் கேள்வியை அவர் மணிவேல் ஒருவனிடம்தான் கேட்டார். இஸ்திரி போட்ட பேண்ட், கையில் பேனா. அதனால் அவன்தான் டீச்சரின் தம்பி என்று முடிவு செய்துவிட்டார். அக்கா பங்காளி வீட்டுப் பெண் ஆனாள். நான் டேப் பிடிக்க வந்த கூலி. இளநீர் வந்தது, இரண்டு. மணிவேல் தன்னுடையதை எனக்கு நீட்டினான். அவர் அதை அவனுடைய பெருந்தன்மை என்று ரசித்தார்.

விலை நாலேகால் லட்சம் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலே வீட்டுக்காரர் நாலுக்கு இறங்கினார். நம்மவர்களுக்குள் என்ன கணக்கு என்றார். ஆவணியில் பால் காய்ச்சிக்கொள்ளலாம், அதற்குள் கரையான் பிடித்த சட்டத்தைத் தானே மாற்றித் தருவதாகவும் சொன்னார். அக்கா அடுப்படியில் நின்று ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பத்திரம் யார் பேருலீங்க? உங்க பேருலயா, அம்மணி பேருலயா?"

"டீச்சர் பேருலதாங்க," என்றான் மணிவேல். "நான் ஊட்டப் பாத்துச் சொல்ல வந்தவனுங்க. அவங்க தம்பி இவருங்க."

அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். ஒட்டடையைப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"கொடுமுடிப் பக்கமுங்க."

"ஊருக்குள்ளீங்களா?"

"இல்லீங்க. காலனி."

அக்கா குரலை இறக்கவில்லை. வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னாள். 

பிறகு அவர் சிரித்தார். அதே சிரிப்பு. பேச்சில் மரியாதை கூடிப்போனது. நல்லதுங்க, டீச்சர் வேலைங்க, எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறீங்க என்று ஆரம்பித்தார். தோட்டத்தில் பெரியப்பா ஒருவர் இருப்பதாகவும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் முடிக்க முடியாது என்றும் சொன்னார்.

"இத்தனை நேரம் நாலுக்கு முடிச்சுக்கலாம்னீங்களேங்க," என்றாள் அக்கா. "அப்ப பெரியப்பாவைக் கேக்க வேண்டியதில்லீங்களா?"

"பொதுச்சுவருங்க அம்மணி. ரெண்டு பக்கமும் ஒரே சுவரு. நாளைக்கிப் பக்கத்து ஊட்டுக்காரங்க என்னையக் கேப்பாங்க. எனக்கொண்ணும் இல்லீங்க. நான் அப்பிடியெல்லாம் பாக்கற ஆளே கெடையாதுங்க."

"பாக்காமயா குலதெய்வம் கேட்டீங்க?"

அவர் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். புரோக்கர் மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்துத் தமிழைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறார்கள். மரியாதை, இனிமை, வார்த்தைக்கு வார்த்தை ங்க. நானும் அதையே பேசி வளர்ந்தவன். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை. போய்ட்டு வாங்க என்றார்கள். அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. பெரியப்பாவைக் கேட்க வேண்டும் என்பதற்கு எந்த ஸ்டேஷனில் போய் நிற்பது? 

டேப்பைச் சுருட்டினேன். கிளம்பும்போது அவர் மணிவேலின் தோளில் கை வைத்தார். பின்கட்டுச் சுவரில் குண்டு விட்டுப் பார்த்தீர்களே, அது எப்படி என்று கேட்டார். பங்காளி பங்காளியைக் கேட்கும் உரிமையோடு.

அக்கா சொல்லி, அக்காவுக்காகப் பார்த்தது. வீட்டை அவளுக்குத் தரமாட்டார். பார்த்ததில் தெரிந்தது மட்டும் தனக்கு வேண்டும்.

மணிவேல் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "அது டீச்சர் பாக்கச் சொன்னதுங்க. அவங்க சொன்னாத்தான் சொல்லுவனுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். சொல்லாதே என்று மனசுக்குள் கத்தினேன். அவள் பின்கட்டைப் பார்த்தாள்.

"சொல்லீரு மணி. அந்த ரூம்ல கொழந்தை தூங்குது."

அவன் சொன்னான். இந்த மழைக்காலத்தைச் சுவர் தாங்காது, இன்றைக்கே ஆளை முன்கட்டுக்கு மாற்றுங்கள் என்றான். வீட்டுக்காரர் கைகூப்பினார், மணிவேலைப் பார்த்து. அக்கா நேராகப் போய் அந்த மில் பெண்ணிடம் தானே ஒருமுறை சொன்னாள். அந்தச் சுவரோரம் படுக்காதே கண்ணு என்று. முதலில் தொட்டிலைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்து முன்கட்டில், ஆசாரம் என்கிற கூடத்து விட்டத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் செருப்பு மாட்டினாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. மூன்று டீ. மணிவேல் தலை குனிந்தபடி ஒரு யோசனை சொன்னான். மனதாரத்தான் சொன்னான். வீட்டைத் தன் பேரில் வாங்கிவிடலாம். விலையும் நாலுதான். ஒரு வருடம் கழித்து அக்கா பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன் மணி, இப்ப இருக்கற ஊட்டுக்காரர் பத்தாதுன்னு நீயொருத்தனா? உம்மகன் பொறந்து, வளந்து, துபாய் போயி, திரும்பி வாரேம்பான். நான் மறுக்காப் பொட்டி கட்டோணும்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. "அப்பிடியில்லீங்கக்கா."

"தெரியும் கண்ணு. நீ நல்லவன். அதுக்காக நான் ஒளிஞ்சு குடியிருக்க மாட்டேன். எம்பேரு போட்டுத்தான் வாங்குவேன். இல்லைன்னா வேண்டாம்."

ஜூலை முடிந்தது. கடன் ரத்தானது.

அடுத்த கடன் வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் தாராபுரம் சாலையில் தென்னையை வெட்டிவிட்டு மனை பிரித்திருந்தார்கள். கலர்க் கொடிகள், கோவையிலிருந்து வந்த கம்பெனி. அங்கே யாரும் குலதெய்வம் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஊரும் அப்பா பேரும் எழுதிக் கொடுத்ததும் சாலையோர மனையெல்லாம் புக் ஆகிவிட்டது என்றார்கள். கடைசி வரிசையில், ஓடையை ஒட்டி ஒன்று இருந்தது. சுற்றிலும் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று பிறகு விசாரித்துப் பார்த்தோம். எல்லாம் எங்களைப் போன்றவர்கள். நாகரிகம் வந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அந்த மனை வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அக்கா அங்கேதான் கட்டினாள். அவள் பேரில்.

ஆகவே துபாய் நண்பருக்கு. டார்ச், டேப், தூக்குக்குண்டு, ஒரு நல்ல கத்தி. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். முதல் மழை விழுந்த பிறகு போங்கள், ஓடு ஒழுகும் இடம் தானாகத் தெரியும். பழைய வீடு தெரிந்த என்ஜினியரைக் கூட்டிப் போங்கள். அவர் குலதெய்வம் சொல்லி விலை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்.

இன்னொன்று. அக்காவின் பள்ளிக்கு மாற்றலாகி வரும் டீச்சர்களுக்கு வீடு பார்க்க இப்போது அவள்தான் கூடப் போகிறாள். போன மாதம் நானும் போனேன். கேட்டைத் திறந்த வீட்டுக்காரர் உள்ள வாங்க என்றார். அக்கா உள்ளே போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, யாருக்கெல்லாம் குடுக்க மாட்டீங்கன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க. அப்பறம் ஊட்டப் பாக்கறோம்."

அவர் சிரித்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று இழுத்தார். தாழ்ப்பாளைத் தடவினார். உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். நல்ல வெயில். கூட வந்த டீச்சர் போகலாம் என்று அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா நகரவில்லை. வாயால் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.