கழுத்து அட்டை இரண்டு

போன வாரம் பீரோவை நகர்த்தும்போது பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே ஒரு போட்டோ. வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் எடுத்தது. யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் இருக்கிறேன், ஓரமாக. என் மனைவி தேவி இருக்கிறாள். பக்கத்து ரூம் முருகேசன் இருக்கிறான். அவன் இடுப்பில் என் மகள், எட்டு மாதம். அவள் வாயில் அவனுடைய கம்பெனி அடையாள அட்டை.

கவரை மோந்து பார்த்தேன். கூலன்ட் வாசனை. இரும்பு கடையும்போது சூடு தணிய மெஷினில் ஊற்றுவது. ஒரகடத்தில் அந்த மெஷின்தான் ஓட்டினேன். எந்த சோப்புக்கும் அது கையை விட்டுப் போகாது. கழுத்தில் தொங்கும் அட்டைக்கும் அதே நாற்றம். முருகேசனுக்கு அதே கம்பெனியில் ஸ்டோர் வேலை. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். அவன் அட்டை பளபளவென்று இருக்கும்.

பாப்பாவுக்குப் பல் முளைக்கிற சமயம். சீப்பு, செருப்பு வார், எது கிடைத்தாலும் கடிப்பாள். என்னை மட்டும் கடிக்க மாட்டாள். விரலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முருகேசனைக் கண்டால் தாவுவாள், அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள். அதற்காகவே லீவு நாளிலும் அதை மாட்டிக்கொண்டு வருவான் அவன்.

ஞாயிறு ஆனால் ஷேர் ஆட்டோ ஏறி எங்காவது போவோம். படப்பை கடைத்தெரு, இல்லாவிட்டால் வல்லக்கோட்டை. அவனைக் கூப்பிடுவது தேவிதான்.

"ரூம்ல தனியா குந்திகினு இன்னா பண்ணப்போற? வா முருகேசா."

"இருக்கட்டும் மதினி, நீங்க போய்ட்டு வாங்க" என்பான். சொல்லும்போதே தலை சீவியிருப்பான்.

ஆட்டோவில் பாப்பா அவன் மடியில். எச்சில் வழிந்து அவன் சட்டை நனைந்துவிடும். என் சட்டை காய்ந்தே இருக்கும். சிரிக்காதீர்கள். அந்த எச்சிலுக்குப் பொறாமைப்பட்டவன் நான்.

அந்த ஞாயிறு, கோயில் வாசலில் முருகேசன் கத்தினான். "அண்ணே! பல்லு வந்துட்டுண்ணே! கடிச்சிட்டா!" விரலைத் தூக்கிக் காட்டினான். பெற்றவன் நான். முதல் பல் அவனுக்கு. போட்டோக்காரரைக் கூப்பிட்டதும் அவன்தான்.

தேவி சொன்னாள்: "நீ எங்க பாக்கப்போற? வூட்டுக்கு வந்தா தூங்கினே கீற."

அன்று பாப்பா அட்டையை விடவில்லை. பிடித்தபடியே தூங்கிப்போனாள். அவனும் விட்டுவிட்டுப் போனான். விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது அதை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் விழித்தவள் என்னிடம் தாவினாள். கடித்தாள். என் சட்டை நனைந்தது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்படியே ஓடினேன்.

கேட்டில் செக்யூரிட்டி என் கழுத்தில் தொங்கிய முருகேசன் போட்டோவைப் பார்த்தார். "யோவ், ஒரே ராத்திரில இன்னா வயசு கொறஞ்சிடுச்சி?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். அட்டையை வாங்கி ஆபீசில் வைத்துவிட்டார்கள். மதிய ஷிஃப்டுக்கு வந்த முருகேசனை, அட்டை இல்லை என்று கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். காண்ட்ராக்ட் ஆள், கேட்க முடியாது.

சாயங்காலம் அவன் ரூமுக்குப் போனேன். அவன்தான் முதலில் பேசினான்.

"அது கெடக்கட்டும்ணே. ஒங்கள்ட்ட பாப்பா வந்தாளா?"

"வந்தா" என்றேன்.

அவன் சிரித்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் அட்டை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. இரண்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாப்பாவிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அப்புறம் தகவல் இல்லை. அவன் போனதும் அவள் அழுதாள். என் அட்டையை நீட்டிப் பார்த்தேன். ஒரு கடி. துப்பிவிட்டாள்.

இப்போது அந்த ரூம்கள் இல்லை, இடித்துவிட்டார்கள். கம்பெனியையும் மூடிவிட்டார்கள். என் அட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என் கையில் வாசனையும் இல்லை.

மகள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். "இந்த அங்கிள் யாருப்பா? நீ ஏன் ஓரமா நிக்கிற?"

போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கவரில் அட்டைகள் இரண்டும் இருந்தன. அவள் போனபின் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பல் தடங்களை எண்ணினேன். முருகேசன் அட்டையில் பதினேழு. என் அட்டையில் ஒன்று.