வடைப் பேசினுக்குள் ஒரு குதிரை

தேத்தண்ணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு வரும் வருத்தங்களில் பாதி அடுப்பால் வருவது. மீதி, ஒரு பிளேன்டீயை வாங்கி வைத்துக்கொண்டு அந்தி வரை எழும்பாத ஆட்களால் வருவது. என்னைப் போல் கடை நடத்தி நெஞ்சுப் படபடப்பை வாங்கிக்கொண்டவர்கள் இதை வாசித்தால், “ஐயோ, நமக்கும் இப்படித்தான்” என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். எனக்கு அது போதும்.

என் கடை யட்டவத்த பஸ் நிறுத்தத்துக்கு நேரே இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஓர மேசையில் இரண்டு பேர் செஸ் விளையாடுவார்கள். ஒருவர் சிவநேசன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், காணிக் கந்தோரில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். மற்றவர் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் நிஸார் நானா. இவர்கள் மோதுவதைப் பார்க்கத்தான் சனிக்கிழமைக் கூட்டம் வருகிறது. வந்த கூட்டம் தேத்தண்ணி குடிக்கிறது, வடை தின்கிறது. அதாவது, இந்த இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் என் அடுப்பு எரியும்.

கராம்புச் சிப்பாய்

ஒரு நாள் கோப்பை கழுவிய தண்ணீரோடு ஒரு வெள்ளைச் சிப்பாயையும் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டேன். குச்சியால் கிளறித் தேடியதில் தலைசுற்று வந்ததுதான் மிச்சம். நிஸார் நானா கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்து, “இனி இவர்தான் சிப்பாய்” என்று ஆட்டத்தைத் தொடங்கினார்.

சிவநேசன் ஐயா யோசிக்கத் தொடங்கினால் கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது. கராம்பை வெட்டினார். வெட்டிய காயை மேசையில் வைக்காமல் வாயில் போட்டு மென்றுகொண்டே பலகையைப் பார்த்தார். கடை முழுக்கச் சிரித்தது. நிஸார் நானா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “ஐயா, வெட்டுங்க, நான் வேணாங்கல்ல. ஆனா எங்க ஆளத் தின்னுறதுக்கு எந்தச் சட்டத்துல எடம் ஈக்கி?”

மாத்தளை பஸ் புறப்படாத கதை

மாத்தளை போகும் பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். ஒரு சனிக்கிழமை கொண்டக்டர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். வந்தவர் பலகையைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். அவரைக் கூப்பிட டிரைவர் வந்தார். அவரும் நின்றுவிட்டார். ஐயா ஒரு குதிரையை நகர்த்துவதா வேண்டாமா என்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே எஞ்சின் உறுமுகிறது, பயணிகள் கத்துகிறார்கள். யாராவது என் கடைக்குக் கல்லெறிவார்களோ என்று நான் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

கிளினிக்குக்குப் போக வந்த ஒரு பெண், வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஐயாவின் குதிரையை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். குதிரை அப்படிப் போகவே போகாது. அவர் டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: “இந்தா, நகத்தியாச்சு. இப்பயாச்சும் பஸ்ஸ எடுப்பா!”

எதிர்க் கடைக் குளிர்

இதெல்லாம் சிரிக்கிற வருத்தம். என் தூக்கத்தைக் கெடுத்த வருத்தம் வேறு. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு புதுப் பேக்கரி திறந்தார்கள். உள்ளே குளிர் மெஷின், மெத்தை வைத்த கதிரை. அதோடு விட்டார்களா? கண்ணாடியில் செய்த செஸ் பலகை ஒன்றை வாங்கி, வீதியிலிருந்து தெரியும்படி வைத்துவிட்டார்கள். அது யாருக்கு விரித்த வலை என்று எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து ஐயா தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். தோற்பவருக்கு எல்லாமே குற்றமாகப்படும். என் மேசை ஆடுகிறதாம், அடுப்புப் புகை கண்ணில் படுகிறதாம். ஐயா போனால் நானாவும் எதிரியைத் தேடிப் போவார். இரண்டு பேரும் போனால் கூட்டமும் போகும். நான் மேசைக்காலுக்குக் கீழே கடதாசி மடித்து வைத்தேன், விசிறியை அவர் பக்கம் திருப்பினேன், தேத்தண்ணிக்கு இஞ்சி கூடத் தட்டிப் போட்டேன். ஐயா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காயை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “பிள்ளை, இண்டைக்கும் தோத்தனெண்டா, அடுத்த கிழமை நான் அங்கால குளிருக்கதான் இருப்பன்.”

எந்தப் பேசின்?

அன்று நிஸார் நானாவுக்கு வெள்ளைக் காய். அவர் குதிரையும் ராணியும் ஐயாவின் ராஜாவை மூலைக்கு விரட்டிவிட்டன. அடுத்த நகர்த்தல் நானாவுடையது. அந்த நேரம் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நானா எழும்பித் தொழப் போனார். அது எங்கள் வழக்கம்தான். அவர் திரும்பும் வரை பலகையைப் பார்த்து யோசிப்பது நியாயமில்லை என்று ஐயாவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். அதனால் ஒரு பெரிய அலுமினியப் பேசினைக் கவிழ்த்துப் பலகையை மூடிவிடுவேன். ஐயா வாசலில் போய் நின்று வீதியைப் பார்ப்பார்.

பக்கத்து மேசையில் வடைத் தட்டையும் ஈ மொய்க்காமல் அதே மாதிரிப் பேசினால்தான் மூடியிருந்தேன். நாவுலவிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய மரக்கறி வியாபாரி ஒருவர் நல்ல பசியில் நுழைந்தார். நான் “அண்ணே, அது இல்ல!” என்று கத்துவதற்குள் பேசினைத் தூக்கிக் கையை விட்டார். பலகை சரிந்தது. ராஜாவும் ராணியும் மேசைக்குக் கீழே உருண்டார்கள். அவர் கையில் அகப்பட்டதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வடைன்னு தூக்குனா குதிர இருக்கு. கடிக்கிறதுக்கு முன்ன பாத்தேனே, என் நல்ல காலம்மா!”

அசையாத சிப்பாய்

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொழுதுவிட்டு வருகிற மனிதருக்கு என்ன பதில் சொல்வது? ஆளுக்கு ஒரு காயைப் பொறுக்கினார்கள். ஆட்டோ ஓட்டும் செல்வா, ஐயாவின் கட்சி. அவன் மூலையில் நின்ற ராஜாவுக்கு முன்னால் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்து, “இது இங்கதான் இருந்துச்சு” என்றான். அப்படி இருந்தால் ராஜா தப்பி ஓட ஒரு வழி கிடைக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் இத்தனை சனிக்கிழமை பார்த்ததில் அவ்வளவு விளங்கும். எதிர்ப் பக்கக் கண்ணாடிப் பலகை கண்ணில் பட்டது. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

வாசலிலிருந்து வந்த ஐயா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். சிப்பாயை எடுத்து, பழைய இடத்தில், ராஜாவுக்கு மூச்சுவிட வழியில்லாமல் வைத்தார். “இவன் தொடங்கினதிலயிருந்து அசையேல்லை” என்றார். மற்றக் காய்களையும் ஒவ்வொன்றாக அவரே வைத்து முடித்தார்.

நானா வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் பலகையைச் சரி பார்க்கவே இல்லை. “ஐயா வச்சதுன்னா சரியாத்தான் ஈக்கும்” என்று உட்கார்ந்தார். குதிரையால் செக் வைத்தார். ராஜா ஒரு கட்டம் விலகினார். குதிரை மறுபடி பாய்ந்தது. இப்போது குதிரையும் ராணியும் சேர்ந்து செக். ராஜா மூலைக்கே திரும்பினார். அப்போது நானா தன் ராணியைக் கொண்டுபோய் ராஜாவுக்கு ஒட்டினாற்போல் வைத்தார். யாராவது ராணியை இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா? குதிரை காவல் நின்றதால் ராஜாவால் வெட்ட முடியவில்லை. ஐயாவின் கோட்டை வந்து ராணியை வெட்டியது. நானாவின் குதிரை கடைசியாக ஒரு தரம் பாய்ந்தது. ராஜாவைச் சுற்றிலும் ஐயாவின் சொந்த ஆட்களே. நகர இடமில்லை. ஆட்டம் முடிந்தது.

செல்வாதான் பொறுக்க மாட்டாமல், “நான் வச்ச எடத்துல சிப்பாய விட்டிருந்தா தப்பியிருப்பீங்களே, ஐயா!” என்று உளறினான். நிஸார் நானா நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து ஐயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்ப இதுல பாதி உங்க வெற்றி, ஐயா” என்றார். ஐயா கையைக் கொடுத்துவிட்டு எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு எதிர்ப் பேக்கரியைப் பார்த்தார். நான் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் திரும்பிச் சொன்னார்: “பாதி எனக்கு வேண்டாம், நிஸார். அடுத்த சனி இதே மேசையில வந்து முழுசா எடுக்கிறன்.”

ஊரெல்லாம் சண்டை தீர வேண்டும் என்று கோவிலுக்குப் போகிறது. நான் ஒருத்திதான் இந்த இரண்டு பேருக்கும் பகை தீரவே கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன்.