சும்மா கொடுத்த படகு

எங்கள் வில்லட் விரிகுடாவில் முப்பது வயதுக்கு உட்பட்ட எவரைக் கேட்டாலும் வெர்னா ஹாகென்சனைத் தெரியும் என்பார்கள். அத்தனை பேரையும் பள்ளிப் பேருந்தில் ஏற்றிப் போனவள் அவள். பேருந்தில் சத்தம் கூடினால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியில் பார்ப்பாள். பேருந்து அடங்கிவிடும். பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் கணவன் ஆர்விட், சால்மன் மீன் பிடித்தவன். அவன் இறந்தபோது வீட்டையும், முப்பத்தாறு அடி நீளமுள்ள பழைய மரப்படகையும் விட்டுப்போனான். படகு எங்கள் படகுத்துறையில் கட்டிக் கிடந்தது. துறை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். படகு கட்டும் மேடைகளைப் பிரித்துக் கட்டப்போவதால் செப்டம்பர் முடிவதற்குள் எல்லாப் படகுகளும் கிளம்ப வேண்டும் என்று அறிவித்திருந்தோம்.

வெர்னா எல்லா வழியும் பார்த்தாள். வாங்க ஆளில்லை. தீயணைப்புப் படையிடம் பயிற்சிக்கு எரித்துக்கொள்ளச் சொன்னாள், மாட்டோம் என்றார்கள். பழைய படகுகளை அரசே வாங்கி உடைக்கும் திட்டத்தில் பெயர் கொடுத்தாள். ஒன்றரை வருடம் காத்திருக்கச் சொன்னார்கள்.

"ரோலண்ட், நீயே எடுத்துக்கோயேன்" என்றாள் என்னிடம்.

"எனக்கெதுக்கு? விட்டுட்டுப்போன பொண்டாட்டிங்க ரெண்டு பேரு, முட்டிவலி ஒண்ணு. இதுவே தாங்கல."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"சும்மா தர்றேன்னு எழுதி, துணி துவைக்கிற கடையில ஒட்டு. எவனாவது மாட்டுவான்."

மாட்டியவன் டெல்பர்ட் க்ரைடர். ஐம்பதைத் தாண்டியவன். மரம் அறுக்கும் ரம்பங்களையும் புல்வெட்டும் எந்திரத் தகடுகளையும் சாணை பிடித்துப் பிழைத்தான். அந்தத் துணி துவைக்கும் கடைக்குப் பின்னால் ஓடாமல் நின்ற ஒரு வேன்தான் வீடு. அதையும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

அவன் படகைப் பார்க்க வந்த சனிக்கிழமை காலை வெர்னா ஏழு மணிக்கே வந்துவிட்டாள். எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகை இற்றுப்போயிருந்தது. கரையிலிருந்து இழுத்த மின்சாரத்தில் ஓடிய பம்புதான் அந்தப் படகை மிதக்க வைத்திருந்தது; இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடித் தண்ணீரைத் துப்பும். அன்று அவள் அடித்தளம் வறளும்வரை பம்பை ஓட்டினாள். டெல்பர்ட் சரிவில் இறங்கி வரும்போது அதை நிறுத்தினாள். என் அலுவலக ஜன்னல் அதற்கு நேர் எதிரே. எல்லாம் பார்த்தேன்.

"தண்ணி கசியுமா மேடம்?" என்று கேட்டான்.

"மரப்படகுன்னா கொஞ்சம் கசியத்தாங்க செய்யும்."

"அது சரி. கூரைன்னா ஒழுகும், படகுன்னா கசியும். என் வேன் ரெண்டையும் பண்ணுச்சு."

அவனே சிரித்தான். அடுப்பைத் திறந்து பார்த்தான், படுக்கையில் உட்கார்ந்து பார்த்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான். இருவரும் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவத்தை நானே நிரப்பித் தபாலில் சேர்ப்பதாக வாங்கி வைத்துக்கொண்டேன். மதியத்துக்குள் படகைக் கட்டியிழுத்துப் போய் விரிகுடாவின் நடுவில் நங்கூரம் போட்டார்கள். அங்கே மின்சாரம் கிடையாது. பம்புக்கு ஒரு பேட்டரி மட்டும்.

அக்டோபர் முழுவதும் அவன் படகிலேயே காலம் தள்ளினான். காலையில் புகைபோக்கியில் புகை தெரியும். கரைச்சாலையில் பேருந்து போகும்போது மேல்தளத்தில் நின்று கையசைப்பான். பிள்ளைகள் பதிலுக்குக் கையசைப்பார்கள். வெர்னா மட்டும் சாலையைப் பார்த்து ஓட்டுவாள்.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாளி வச்சு எறைக்கிறான், ரோலண்ட். பாத்தேன். அந்தப் பலகையப் பத்திச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா திருப்பி வாங்கிக்கச் சொல்லுவான். எங்க கட்டுவ? அவன் என்ன சின்னப் பிள்ளையா, இந்நேரம் அவனுக்கே தெரிஞ்சிருக்கும். விடு."

விட்டுவிட்டாள். நான் சொன்னதற்காக விட்டாளா, அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை தெற்குக் காற்று பேயாய் அடித்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது விரிகுடாவில் படகின் கம்ப நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றது. நண்டுப் பொறி எடுக்கப் போன இருவர் டெல்பர்ட்டைத் தூக்கி வந்தார்கள். ஒரு ரப்பர் மிதவையைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் பனித்தண்ணீரில் கிடந்திருக்கிறான். சாணை எந்திரம், அரங்கள், உடுப்பு எல்லாம் அடியில்.

மூன்றாம் நாள் வெர்னாவை மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தப் பலகை இத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி தண்ணிய எறைச்சு, பம்ப நிறுத்தி வச்சேன். உங்களுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்ப எதுக்கு இதச் சொல்றீங்க?" குரல் கரகரத்தது. "என் ராசிதான்னு நெனச்சுக் கெடந்தேன். அதுக்குப் பழகிட்டேன். இப்ப உங்க மேல கோவப்படணும். அதுக்கு எனக்குத் தெம்பில்ல."

"கோவப்படுங்க."

"போங்க மேடம்."

அவள் போகவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கடைசியில் செவிலி வந்து எங்களை அனுப்பிவைத்தாள்.

மறுவாரம் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி என் அலுவலகத்துக்கு வந்தார்; வெர்னாவையும் வரச்சொல்லியிருந்தார். மூழ்கிய படகை எடுத்து உடைக்கும் செலவு உரிமையாளரைச் சேரும். படகு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். பெயர் மாற்றப் படிவம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. தபாலில் சேர்க்க மறந்திருந்தேன். அதை எடுத்து நீட்டினால் பாரம் டெல்பர்ட் தலையில் விழும். என் கை இழுப்பறைமேல் இருந்தது.

"படகு என்னுது. ஓட்டைன்னு தெரிஞ்சேதான் அவருக்குக் குடுத்தேன். அப்படியே எழுதிக்குங்க" என்றாள் வெர்னா.

"படிவம் என்கிட்ட இருக்கு. அனுப்பாம விட்டேன்" என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்லவில்லை.

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். பெயர் மாற்றம் பதிவாகாததால் பொறுப்பு வெர்னாவுக்கே என்று முடிவானது. டிசம்பரில் மிதவைக் கிரேன் படகைத் தூக்கிக் கரையில் வைத்தது. இரும்புக் கை கொண்ட எந்திரம் நாற்பது நிமிடத்தில் அதை விறகாக்கியது. வெர்னா விடுப்புப் போட்டுவிட்டு மழையில் நின்று பார்த்தாள். நடுவில் ஒருமுறை, "ஆர்விட் இருந்திருந்தா என்னச் செருப்பால அடிச்சிருப்பான்" என்றாள்.

ஆர்விட்டின் வண்டியை விற்று ஒரு புதுச் சாணை எந்திரம் வாங்கினாள். அதோடு மருத்துவமனைக்குப் போனபோது டெல்பர்ட் அங்கில்லை. நிமோனியாவோடு அதுவரை அங்கே கிடந்தவனை முந்தின நாள்தான் அனுப்பியிருந்தார்கள். அவன் விலாசம் என்று எதுவும் கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் விடுதிகளிலும் தேவாலயங்களிலும் கேட்டாள். நானும் இரண்டு ஞாயிறு கூடப் போனேன். ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவர்களைப் பார்த்தால் நிறுத்தி விசாரிப்பாள். இன்னும் கிடைக்கவில்லை.

ஜனவரியில் அவள் பேருந்து வேலையை விட்டாள். ஏன் என்று ஊரார் கேட்டார்கள்.

"அந்தக் கரைச்சாலையில ஓட்ட முடியல" என்று மட்டும் சொன்னாள்.